குளிர்காலத்தில் வீட்டுக் கோழிகளின் முட்டை: நான்கு ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு, 2020 ஆம் ஆண்டு இளவேனிலில் பொரித்த மூன்று வாரன் கலப்பினப் பேடுகளும் இரண்டு லைட் சசெக்ஸ் இனப் பேடுகளும் அவ்வாண்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தன. அன்றுமுதல் அன்றன்று கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கிறேன். 2024 வரையிலான நான்கு குளிர்காலங்களைப் பற்றிய இக்குறிப்பு அந்தக் கொப்பியைப் பார்த்தே எழுதப்படுகிறது.

முதற்குளிர்காலம் என்னை ஏமாற்றியது என்றே சொல்ல வேண்டும். பனி உறைந்த டிசம்பரிலும் வாரத்துக்கு 18 முட்டைகளுக்குக் குறையவில்லை. இளவேனிலில் பொரித்த இளம்பேடுகள் தம் முதற்குளிர்காலத்தில் பெரும்பாலும் நிறுத்தாமல் இடும் என்பதை அறியாமல், எங்கள் பராமரிப்பின் சிறப்பு என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த ஆண்டு அக்டோபர் மூன்றாம் வாரத்தில், பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கும் இறகுதிர்ப்பு தொடங்கி, கூடு முழுவதும் இறகாகக் கிடந்தது. நவம்பர் நடுப்பகுதியில் சசெக்ஸ் இரண்டும் முற்றாக நிறுத்திவிட, வாரன்கள் மூன்றும் சேர்ந்தே வாரத்துக்கு இரண்டு முட்டைகள் இட்டால் அதிகம்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அடைக்குக் கிடக்குதோ எண்டு பார் பிள்ளை" என்றார். ஊரில் அதுவே சரியான கேள்வி. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் நீள்வதால், நாட்டுக்கோழி முட்டையிடுவதை நிறுத்தினால் அது பெரும்பாலும் அடைக்குப் படுத்ததாகவே இருக்கும். லெஸ்டரிலோ டிசம்பர் 21 ஐ ஒட்டிய பகல் ஏழரை மணி நேரமே. கோழியின் மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள் செல்லும் ஒளியே சினைப்பையைத் தூண்டும் சுரப்பு நீர்களைக் கிளப்புகிறது. தொடர்ந்து முட்டையிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஆகவே முட்டை குறைவதற்குக் குளிரைக் குற்றஞ்சாட்டுவது பிழை. உறைநிலைக்கு ஐந்து பாகை கீழே போன இரவுகளிலும் எங்கள் கோழிகள், கூடு ஈரமின்றியும் கூரையடியில் காற்றோட்டத்துடனும் இருந்தவரை, நலமாகவே இருந்தன. சூடாக்கி எதுவும் நாங்கள் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் விளக்குப் போட்டோம். மஞ்சள் ஒளி தரும் சிறிய எல்.இ.டி. விளக்கையும் நேரம் குறித்து இயக்கும் சொருகியையும் கூட்டில் பொருத்தி, வாரத்துக்கு அரை மணி நேரமாக வெளிச்சத்தைக் கூட்டினேன். மாலையில் கூட்டாமல் விடியற்காலையில் கூட்டியதற்குக் காரணம் உண்டு: மாலையில் விளக்குச் சட்டென அணைந்தால் கோழிகள் படுக்கும் தடிக்கு ஏற வழி தெரியாமல் நிலத்திலேயே நின்றுவிடும். பொழுது நான்கு மணிக்கு முன்பே சாயும் டிசம்பரில் 14 மணி நேரத்தை நிறைவு செய்ய, விளக்கு அதிகாலை இரண்டு மணிக்கே எரிய வேண்டியிருந்தது. தீனும் தண்ணீரும் அந்நேரத்தில் கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பலன் தெளிவாகத் தெரிந்தது. ஜனவரி முதல் வாரத்தில் 14 முட்டைகள் கிடைத்தன.

அதன்பின் நேர்ந்ததை இன்றும் வருத்தத்துடனேயே நினைக்கிறேன். அந்தச் சொருகி பழுதாகி நின்றதை, நாங்கள் உறங்கும் நேரத்தில் எரிய வேண்டிய விளக்கு என்பதால், ஐந்து நாட்கள் கவனிக்கவில்லை. வெளிச்சம் திடீரெனக் குறைந்ததால் மூத்த சசெக்ஸ் ஜனவரிக் குளிரில் மீண்டும் இறகுதிர்க்கத் தொடங்கியது. அதன் கழுத்தில் நீலம்பாரித்த முள் போன்ற புது இறகுக் குருத்துகள், உள்ளே இரத்தத்துடன், வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன; தூக்கப் போனால் வலியில் உடலைச் சுருக்கிக்கொண்டது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதை வளர்க்கும் உடலிடம் முட்டையையும் கேட்பது நியாயமில்லை என்பது அன்று விளங்கியது. விளக்குப் போட விரும்புவோர் இறகு முழுதும் முளைத்த பின்பே தொடங்குங்கள். எரிகிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

தீன் பற்றி ஒன்று. ஊரில் மிஞ்சிய சோற்றைக் கோழிக்கு வீசி வளர்ந்த நமக்கு இது கடினம், ஆனால் பிரித்தானியாவில் வீட்டுச் சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். விலங்குப் பொருள் எதுவும் நுழையாத சமையலறைக்கு மட்டுமே விலக்கு. நாங்கள் 16 விழுக்காடு புரதமுள்ள முட்டைக்கோழித் தீனும் தனிக் கிண்ணத்தில் சிப்பி ஓட்டுத் தூளும் வைத்து, மாலையில் மட்டும் ஒரு பிடி சோளம் போடுகிறோம். பறவைக் காய்ச்சல் காரணமாக 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்தில் கோழிகளை அடைத்தே வைக்க வேண்டும் என்ற ஆணை இருந்தபோது, கோழிகள் உலவும் அடைப்பான ஓடுவெளியின் கூரைக்கு ஒளி புகும் தகடு போட்டிருந்தது உதவியது. உறைபனி நாட்களில் முட்டையை நண்பகலுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். உள்ளே உறைந்தால் ஓடு நெடுக வெடித்துவிடும்.

நான்காம் குளிர்காலத்தில், மூன்று வயது கடந்த அந்தப் பேடுகளுக்கு விளக்கே போடவில்லை. மூன்று மாதங்கள் கடையில் முட்டை வாங்கினோம். பகல் 14 மணி நேரத்தை எட்டும்வரை அவை காத்திருக்கவில்லை; நாள் நீளத் தொடங்கியதே போதுமானதாக இருந்தது. 2024 பிப்ரவரி 11 அன்று, பகல் பத்து மணி நேரத்தைக்கூடத் தொடாத வேளையில், மூத்த சசெக்ஸின் வெளிர்பழுப்பு முட்டை வைக்கோலில் கிடந்தது. கையில் எடுத்தபோது இன்னும் சூடாக இருந்தது.