தென்னை அறுக்க எந்த செயின்சா? பாரும் செயினும் பொருந்தினால்தான் மெஷின்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டிக் கரையேறியபோது பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை சாய்ந்துவிட்டது. அறுக்க ஆளும் கிடைக்கவில்லை, வாடகைக்கு மெஷினும் கிடைக்கவில்லை. அந்த அவசரத்தில் கடையில் கண்ணில் பட்டதை வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனியின் 58 சிசி மெஷின், 22 இஞ்ச் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. பெரிய மரத்துக்குப் பெரிய பார்தான் சரி என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். இப்போது கையில் இருப்பது ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250. 45.4 சிசி, 16 இஞ்ச் பார். சிசி குறைவு, பாரும் 6 இஞ்ச் குட்டை, ஆனாலும் தென்னையில் இதுதான் வேகமாக இறங்குகிறது. மெஷினைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் சிசியை மட்டுமே கேட்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார் நீளம். நம் தென்னையின் நடுமரம் ஓர் அடி விட்டம் இருந்தால் அதிகம். தூர் மட்டும்தான் பருத்திருக்கும், அதையும் இரண்டு பக்கமும் நின்று அறுத்தால் 16 இஞ்ச் பார் போதும். 22 இஞ்ச் பாரில் அவ்வளவு நீளச் செயினை இழுத்துச் சுற்றவே மெஷின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும், முனை வரை ஆயில் போய்ச் சேராது, மூக்கு கனத்து எப்போதும் தரையைப் பார்த்துத் தொங்கும், ஒரு மணி நேரத்தில் இடது மணிக்கட்டு விட்டுப்போகும். முனை மண்ணில் ஒரு முறை உரசினால் போதும், பல் மழுங்கிவிடும். எங்கள் தோப்பு மணல் பூமி, அங்கே நீளப் பாரை வைத்துக்கொண்டு பட்டபாடு கொஞ்சமில்லை.

அடுத்தது செயின், நான் பணத்தை விட்டது இதில்தான். பழைய செயின் தேய்ந்ததும் கடையில் போய் "22 இஞ்ச் செயின் கொடுங்க" என்றேன். கொடுத்தார். லிங்க் (செயின் கண்ணி) எண்ணிக்கை 86, அதுவும் சரியாக இருந்தது, பாரில் அழகாக உட்கார்ந்தது. மரத்தில் வைத்தால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து வளைந்து போகிறது. பல்லைத் தீட்டிப் பார்த்தேன், பாரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கூட அறுத்துக்கொண்டிருந்த தம்பிதான் செயினைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினான். "அண்ணே, ஆடுது பாருங்க" என்றான். பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கேட்கவில்லை. பாரைக் கழற்றி, அடிப்பக்கத்தில் அப்பியிருந்த மரத்தூளையும் ஆயிலையும் பெட்ரோல் துணியால் துடைத்தார். கீழே பொடி எழுத்தில் .325, .058, 86 என்று பொறித்திருந்தது. அத்தனை நாள் என் கையிலேயே இருந்த பார், ஒரு நாளும் நான் துடைத்துப் பார்த்ததில்லை.

.325 என்பது பிட்ச். கண்ணிகளைக் கோக்கும் ஆணியான ரிவெட்டில் அடுத்தடுத்த மூன்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வரும் இஞ்ச் கணக்கு. இது மெஷினில் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடும் பார் மூக்கோடும் ஒத்துப்போக வேண்டும். .058 என்பது கேஜ், பார் பள்ளத்தின் அகலம், நம் கணக்கில் 1.5 மில்லிமீட்டர். எனக்குக் கொடுத்தது .050, அதாவது 1.3 மில்லிமீட்டர் செயின். வெறும் 0.2 மில்லிமீட்டர்தான், ஆனால் அந்த இடைவெளியில் செயின் சாய்ந்துகொள்கிறது, சாய்ந்த செயின் சாய்வாகத்தானே வெட்டும்! கனமான செயினாக இருந்தால் பள்ளத்துக்குள்ளேயே போயிருக்காது, கடையிலேயே தெரிந்திருக்கும். ஒல்லிச் செயின் உள்ளே போய்விடும், அதுதான் ஏமாற்றும்.

மூன்றாவது எண் லிங்க், பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்குகளை எண்ணி வருவது. இஞ்ச் சொல்லி செயின் வாங்கவே கூடாது. .325 பிட்சில் 18 இஞ்ச் என்ற பெயரிலேயே 68 லிங்க்கும் வருகிறது, 72ம் வருகிறது, 74ம் வருகிறது. பார் எழுத்து அழிந்திருந்தால் பழைய செயினைக் கையோடு கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஸ்டில் செயினில் டிரைவ் லிங்க்கிலேயே ஓர் எண் இருக்கும், 3 என்றால் 1.3 மில்லிமீட்டர், 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. என் எம்எஸ் 250க்குப் போடுவது 26 ஆர்எம், 2 என்பது .325 பிட்ச், 6 என்பது 1.6 கேஜ். பழைய மெஷினின் 1.5 செயினை இதில் போடக் கூடாது, இதன் செயின் அதில் நுழையாது. வீட்டில் இரண்டு மெஷின் வைத்திருப்பவர்கள் செயின்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

பல் எந்த வகை என்பதும் முக்கியம். ஃபுல் சிசல் என்று முனை கூராக மடங்கிய பல் உண்டு, சுத்தமான மரத்தில் அது பறக்கும். ஆனால் மண்ணும் மணலும் ஒட்டிய மரத்தில் அந்தக் கூர்முனை சீக்கிரம் போய்விடும். முனை வளைந்த செமி சிசல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் நாள் தாங்கும். தென்னைக்கு என் ஓட்டு செமி சிசலுக்குத்தான், மேலே சொன்ன ஆர்எம்மும் அந்த வகைதான். வெளியே வைரம் (கெட்டிக் கட்டை), உள்ளே சோறு (மெத்தென்ற பகுதி) உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் நம் பழைய இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை புல், அறுத்துப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும். முதல் இரண்டு இஞ்ச்தான் போராட்டம், அப்புறம் சோற்றுக்குள் பார் சட்டென்று இறங்கும், எதிர்ப்பக்க வைரம் வந்ததும் மறுபடி இறுகும். நார் நாராக வரும் தூள் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும், ஐந்தாறு மரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

இன்றைய செயின் பல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, 1946ல், மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டின் புழுவைப் பார்த்தார். அது இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டி மரத்தைச் சீவித் தின்றதை வைத்துத்தான் இடப்பல் வலப்பல் மாறி மாறி வரும் செயினைச் செய்தார். சிவப்புக் கூன்வண்டுப் புழு தென்னையைத் தின்கிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்டிருக்கிற எனக்கு, இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

தீட்டுவதற்கு .325 செயின் என்றால் 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். சின்ன மெஷின்களில் வரும், உயரம் குறைந்த லோ புரொஃபைல் 3/8 பிட்ச் செயினுக்கு 4 மில்லிமீட்டர். தூள் துகளாக வராமல் மாவாக வந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது, அதற்கு மேல் அழுத்தி அறுத்தால் பாரும் சூடாகும், கையும் வலிக்கும். பழைய வண்டி ஆயிலைப் பாருக்கு ஊற்றாதீர்கள், அதில் இரும்புப் பொடி இருக்கும், ஒட்டும் தன்மையும் இருக்காது. பெட்ரோலில் கலக்கும் ஆயில் வேறு கணக்கு, ஸ்டில் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மற்ற மெஷின்களுக்கு அதன் புத்தகத்தில் சொன்னதுதான்.

யாருக்கு எது என்று கேட்டால், கிளை கழிக்க, முருங்கை, வாதநாராயணன் மாதிரி மெல்லிய மரம் அறுக்க 30 சிசி அளவு மெஷினும் 14 இஞ்ச் பாரும் போதும். தோப்பு வைத்திருப்பவருக்கு 45 சிசியும் 16 இஞ்ச்சும். 58 சிசி வாங்கியே விட்டீர்கள் என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், அதே .325, .058ல் 18 இஞ்ச் பாரும் அதற்கு ஏற்ற செயினும் போடுங்கள். நான் அப்படித்தான் மாற்றினேன், 72 லிங்க் செயின், மெஷினே வேறு மாதிரி ஆகிவிட்டது. தம்பிதான் இப்போது அதை ஓட்டுகிறான். எம்எஸ் 250ல் இரண்டு செயின் தேய்ந்துவிட்டது, மூன்றாவதைப் போடுவதற்கு முன் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும், பட்டுக்கோட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன்.