கார் ஷெட் வயரிங்குக்கு ஸ்ட்ரட் சேனல்: நம்பி வாங்கலாம்

இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் அடித்த கார் ஷெட்டில் வயரிங் செய்யப் போகிறீர்களா? எந்த பிராண்ட் சுவிட்ச் பாக்ஸ் என்று அலசுவதற்கு முன்னால் ஸ்ட்ரட் சேனல் வாங்கி வையுங்கள். சோலார் பேனல் பொருத்தும் இடங்களில் பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கம் வாய் திறந்து விளிம்புகள் உள்ளே மடங்கியிருக்கும் 41 மி.மீ. அகலச் சேனல். என் ஷெட்டில் சுவிட்ச் பாக்ஸ் எல்லாம் இதன் மேல்தான் இருக்கின்றன, முழுத் திருப்தி.

ஷீட்டிலேயே ஸ்க்ரூ அடித்து பாக்ஸை மாட்டுவதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அவ்வளவு மெல்லிய தகரம் என்ன பிடிப்பைக் கொடுக்கும்? பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் ஷீட்டும் கூடவே வரும், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும், மழைக்காலத்தில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் பாக்ஸுக்குப் பின்னால் இறங்கும். தூணில் அடிக்கலாம்தான், ஆனால் நமக்கு சுவிட்ச் வேண்டிய இடத்தில் தூண் இருக்காது. சேனலை மேல் குறுக்குச் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே நிமிர்த்தி, இரண்டு முனையிலும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 2, 3 மி.மீ. கனமுள்ள சட்டம் என்றால் 3-ஆம் நம்பர் முனை ஸ்க்ரூவே துளைத்துக்கொண்டு போகும். பாக்ஸின் உயரம் பிடிக்கவில்லையா, அதைச் சேனலில் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம்.

குறை என்றால் ஸ்பிரிங் நட், அதாவது சேனலின் வாய்க்குள் நுழைத்து பாக்ஸின் போல்ட்டை முடுக்கும், பின்னால் ஸ்பிரிங் வைத்த நட். சேனல் 21 மி.மீ., 41 மி.மீ. என இரண்டு ஆழத்தில் கிடைக்கிறது, ஸ்பிரிங்கின் நீளமும் அதற்கேற்ப மாறும், கடைக்காரர் கேட்காமலே ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆழமான சேனலுக்கான நட் 21-க்குள் சரியாக உட்காராது. போல்ட்டும் அப்படித்தான்: நீளமாக வாங்கினால் அதன் நுனி சேனலின் முதுகில் முட்டி நின்றுவிடும், இறுக்கிவிட்டோம் என்று கைக்குத் தோன்றும், பாக்ஸ் மட்டும் ஆடும். 21 மி.மீ. சேனலுக்கு எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட், 20 மி.மீ. நீளம் போதும், தட்டையான தலையும் அகலமான வாஷரும் இருக்கட்டும், பாக்ஸுக்குள் வயரில் எதுவும் உரசக்கூடாது.

அப்புறம் எர்த். இரும்பில்தானே மாட்டியிருக்கிறது, எர்த் தானாக வந்துவிடும் என்று தயவுசெய்து விடாதீர்கள். பெயின்ட் நடுவில் இருந்தால் தொடர்பு நிச்சயமில்லை, பிவிசி பைப்பும் எர்த்தைக் கொண்டுவராது. உலோக பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் பச்சை வயர் இழுத்து எர்த் ஸ்க்ரூவில் முடுக்கச் சொல்லுங்கள், ஷெட் சட்டத்தையும் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக வேண்டும். இந்த வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். துளை போட்ட இரும்புத் தூளை பாக்ஸுக்குள் விட்டுவிடாமல் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) போடுங்கள், இல்லையென்றால் தகரத்தின் விளிம்பு நாளடைவில் இன்சுலேஷனைக் கிழித்துவிடும்.

சேனலை அறுத்த முனைகளில் ஜிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சுவிட்ச், பிளக் பாயின்டுக்கு 21 மி.மீ. ஆழமே தாராளம். டிபி பாக்ஸ் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாதிரி கனமானதற்கு மட்டும் 41 எடுங்கள், அதுவும் இரண்டு சேனல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி.