பெல்லட் அடுப்பு: எட்டு மாதம் எரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கம் சின்ன டிபன் கடை நம்முடையது. லோடு ஏற்ற வருகிறவர்களுக்கு விடிவதற்குள் இட்லி வேண்டும், அடுப்புக்கு ஓய்வே கிடையாது. கமர்ஷியல் சிலிண்டர் கட்டுப்படியாகாமல்தான் பெல்லட்டுக்கு மாறினேன்.

மரத்தூளையும், எங்கள் பக்கம் கல்லக்கா என்போமே, அந்த நிலக்கடலைத் தோலையும் அரைத்து, சுண்டுவிரலை விடச் சன்னமாக அழுத்தி எடுத்த குச்சிதான் பெல்லட். பசை எதுவும் கிடையாது, அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்திலேயே இருக்கிற, நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி ஒட்டிக்கொள்கிறது. அதனாலேயே தண்ணீர் பட்டால் போச்சு, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஊறி மறுபடி தூளாகிவிடும்.

கணக்குக்கு வருவோம். கேஸ் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி சூடு தரும், பெல்லட் 4,000 பக்கம். அப்படிப் பார்த்தால் 19 கிலோ சிலிண்டருக்கு 52 கிலோ பெல்லட் போதும், ஆனால் எனக்கு 70 பிடிக்கிறது, ஏனென்றால் கூட்டம் இல்லாத நேரத்தில் கேஸ் மாதிரி திருகி நிறுத்த முடியாது, அது பாட்டுக்கு எரியும். அப்படியும் கிலோ 12 ரூபாய் என்று 840 ரூபாயில் முடிகிறது. இட்லிப் பானைக்கும் சோற்றுக்கும் அருமை. தோசைக்கல்லுக்கு மட்டும் இன்னும் கேஸ்தான், தீயைச் சட்டென்று குறைக்க முடியாவிட்டால் தோசை கருகிவிடும்.

கரண்ட் போனால் அடுப்புக்குக் காற்று ஊதுகிற ஃபேன் நிற்கும், கடை முழுக்கப் புகை. முதல் வாரமே வாடிக்கையாளர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். இன்வெர்ட்டர் இல்லாமல் வாங்காதீர்கள்.

அடுப்பில் பெரிய குறை இல்லை, சரக்குதான் ஆளைக் கொல்கிறது. மழைக்காலத்தில் ஒருத்தர் இறக்கிய மூட்டை பாதி நமுத்திருந்தது. கேட்டால், "மழைன்னா அப்படித்தாங்கண்ணே இருக்கும்" என்கிறார். அப்புறம் வந்த லோடில் மண்ணும் வைக்கோலும் கலந்திருக்கும் போல, சாம்பல் உதிராமல் உருகிக் கண்ணாடி மாதிரி கிட்டம் கட்டி, காற்று வரும் ஓட்டைகளை அடைத்துவிட்டது. ராத்திரி கடை மூடியபிறகு உளியை வைத்துத் தட்டி எடுத்தேன்.

இப்போது வண்டி வந்ததும் ஒரு மூட்டையைப் பிரித்து நாலு குச்சியை ஒடித்துப் பார்க்கிறேன். டக்கென்று ஒடிந்தால் இறக்கச் சொல்வேன். வளைந்து பிய்ந்தால் வண்டி அப்படியே திரும்ப வேண்டியதுதான்.