கண்காட்சில "கரும்பு அயர்ன் பாகு"ன்னு விக்கிறாங்க, கர்ப்பிணிங்க இருக்க வீட்ல தயவுசெஞ்சு வாங்காதீங்க

மதுரை ஆளுங்க, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாரும் இத முழுசா படிங்க, வீட்ல மாசமா இருக்க பொண்ணு இருந்தா கண்டிப்பா படிங்க.

நம்ம ஊர்ல போட்டிருந்த ஒரு கண்காட்சிக்கு அம்மா போயிருந்தப்ப ஒரு ஸ்டால்ல கருப்பா கெட்டியா ஒரு பாகு வித்திருக்காங்க. 250 மில்லி பாட்டில் 380 ரூபா. "வெள்ளைக்காரன் இத மொலாசஸ்ம்பான், சீனி ஆலைக்காரன் சத்த எல்லாம் பிரிச்சு வெளிய தள்ளிடுறான்மா, அந்தச் சத்துதான் இது, தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா இரும்புச்சத்து மாத்திரையே வேணாம்"னு அந்தப் பையன் சொல்ல, தங்கச்சி ஆறு மாசமா இருக்காளேன்னு அம்மா நாலு பாட்டில் வாங்கிட்டு வந்துட்டாங்க. மாத்திரை சாப்பிட்டா அவளுக்கு வயித்தப் பிரட்டும், அதனால அவளும் சந்தோசமா மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடிச்சிருக்கா.

வயிறு போக ஆரம்பிச்சது. கேட்டதுக்கு ஸ்டால்காரன் போன்ல "உடம்பு சுத்தமாகுதுக்கா, நிறுத்தாதீங்க"ங்கறான்! அடுத்த செக்கப்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாத்தா பத்துக்கு மேல இருந்த ஹீமோகுளோபின் 9க்குக் கீழ வந்துருச்சு. நர்சம்மா மாத்திரை அட்டையக் கேட்டப்பதான் வெளிய வந்துச்சு. இப்ப அவளுக்கு அயர்ன் ஊசி ஏத்திக்கிட்டு இருக்காங்க.

கணக்கப் பாருங்க. நல்ல மொலாசஸ்னே வச்சுக்குவோம், 100 கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும், ஒரு பெரிய ஸ்பூனுக்கு 1 மில்லிகிராம். அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு இலவசமா குடுக்கற மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்குச் சமமா 60 ஸ்பூன் பாகு குடிக்கணும், யாரால முடியும்? புள்ளத்தாச்சிகிட்டப் போயி மாத்திரை வேணாம்னு சொல்ல எப்படிங்க மனசு வந்துச்சு அவனுக்கு?

அடுத்தது பாட்டில்ல இருந்த சரக்கு. எங்க பெரியப்பா அலங்காநல்லூர் சர்க்கரை ஆலைல பாகு காய்ச்சுற பக்கம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. மூடியத் தொறந்ததும் டப்புன்னு காத்து வந்துச்சு, அவரு ஒரு தடவ மோந்து பாத்துட்டு "இது ஆலைக் கழிவுப்பாகுப்பா, தண்ணி வேற ஊத்திருக்கான்"னாரு. மொலாசஸ் அதோட கெட்டிக்குத் தானா புளிக்காதாம், தண்ணி கலந்தாதான் நொதிச்சு காத்து கட்டும். கந்தக வாடையும் அடிச்சது. அது எங்கருந்து வந்துச்சுன்னு அவரு சொன்னத அப்படியே சொல்றேன். ஆலைல கரும்புச் சாற சுண்ணாம்பும் கந்தகப் புகையும் விட்டுத் தெளிய வச்சு, சுண்டக் காய்ச்சி, சீனி மணி கட்டினதும் மிஷின்ல போட்டுச் சுத்துவாங்க, சீனி உள்ள நிக்கும் பாகு வெளிய வரும், அந்தப் பாக மறுபடி காய்ச்சி மறுபடி சுத்துவாங்க, இப்படி மூணு சுத்து ஓடினப்புறம் இனி இதுல இருந்து சீனி எடுத்தா கட்டுப்படியாகாதுன்னு விடுறதுதான் கடைசிப் பாகு. டன் கரும்புக்கு 40, 45 கிலோ தேறும். அதுலயும் பாதிக்குப் பாதி சர்க்கரைதான், மிச்சம் உப்பும் கசப்பும். அது பெரிய இரும்பு டேங்க்ல கிடந்து டேங்கர் லாரில சாராய ஆலைக்கும் எத்தனாலுக்கும் போகும், கொஞ்சம் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மனுசன் வாயில வைக்கறதுக்குன்னு யாரும் அதச் சுத்தமா வச்சிருக்க மாட்டாங்க. (வெளிநாட்ல கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும்னு தனியா உணவுத் தரத்துல தயாரிக்கற மொலாசஸ் இருக்கு, நான் அதச் சொல்லல.)

அம்மா அதப் பணியார மாவுலயும் ஊத்திப் பாத்தாங்க, கசப்புல ஒருத்தராலயும் வாயில வைக்க முடியல, அம்புட்டு மாவும் வீணாப் போச்சு. நமக்கு எதுக்குங்க இது? வெல்லம் காய்ச்சும்போது மிஷின்ல சுத்திப் பாகப் பிரிக்கறதே கிடையாது, சாறு மொத்தமும் கொப்பரைல காய்ஞ்சு இறுகுது, அந்தப் பாகு அதுக்குள்ளயே இருக்கு, அந்த நிறமும் வாசனையும் அதனாலதான் வருது. கீழமாசி வீதில நல்ல மண்டை வெல்லமா பாத்து வாங்கிட்டு வந்தாப் போதும், பளிச்சுன்னு மஞ்சளா இருக்கறத விட்டுட்டுக் கருத்தத எடுங்க. ஆனா அதையும் மாத்திரைக்குப் பதிலா நினைக்காதீங்க.

லேபிள்ல உணவுப் பாதுகாப்பு முத்திரை இருக்கேன்னு அம்மா நம்பிட்டாங்க. லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கணும், இதுல பத்துதான் இருந்துச்சு. தயாரிச்ச இடத்து அட்ரஸ் இல்ல, தேதி இல்ல. பணத்தத் திருப்பிக் கேட்டா முதல்ல பாட்டில அனுப்புங்கன்னான், அப்புறம் போன எடுக்கறதே இல்ல. பெரியப்பாதான் "பாட்டில அனுப்பிறாத, சாட்சியே அதுதான்"னு தடுத்தாரு.

உணவுப் பாதுகாப்புத் துறைல எழுதிக் குடுத்திருக்கோம், சீல் உடைக்காத பாட்டில் ஒண்ணு எடுத்து வச்சிருக்கோம். அடுத்து திண்டுக்கல் பக்கம் ஸ்டால் போடப் போறதா அம்மாகிட்ட சொல்லிருக்கான், அதனால அங்கிட்டு இருக்கவங்களும் பாத்துக்கோங்க. ஏற்கனவே வாங்கினவங்க பாட்டிலத் தூக்கிப் போட்டுறாதீங்க, பில்லோட வச்சிருந்து நீங்களும் ஒரு புகார் குடுங்க. மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடிக்கறவங்க இன்னைக்கே நர்சம்மாகிட்ட சொல்லிருங்க.