ஹாம் உரிமத்தின் முதல் படி: அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான்

ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி இயக்குநருக்கான முதல் நிலை உரிமம் என்றதும் பலரும் எத்தனை வாட்டில் அலைபரப்பலாம் என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எந்தெந்த பேண்ட், அதாவது அலைவரிசைப் பட்டை, என்று. 25 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் 6 டெசிபெல்தான் வித்தியாசம். எதிர்முனையில் சமிக்ஞை வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் ஒரு புள்ளி இறங்கும், அவ்வளவே. தாழ்வாகத் தொங்கும் டைபோல் கம்பி ஆன்டெனாவை ஏற்றிக் கட்டினால் அதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். இல்லாத பேண்டை எந்த ஆன்டெனாவும் தராது.

அமெரிக்காவின் முதல் நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் போதும். கேள்வித் தொகுப்பே விடையோடு வெளியாவதால் மனப்பாடம் செய்தே தேறிவிட முடிகிறது. வி.எச்.எஃப்பிலும் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) அதற்கு மேலும் தாராள அனுமதி. ரிப்பீட்டர் (சமிக்ஞையை வாங்கி மறுபரப்பும் நிலையம்), செயற்கைக்கோள் பிரியர்களுக்கு இதுவே போதும். தொலைதூரம் எட்டும் சிற்றலையான எச்.எஃப்பில்தான் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) கை கட்டப்படுகிறது. 200 வாட் வரை அனுமதி, ஆனால் குரலுக்கு 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. சூரியச் செயல்பாடு அடங்கிய ஆண்டுகளில் அந்த 10 மீட்டர் பேண்ட் பெரும்பாலும் ஊமை. 80, 40, 15 மீட்டரில் மோர்ஸ் மட்டும். கணினிவழி டிஜிட்டல் முறையான எஃப்.டி.8க்கு 28.074 மெகாஹெர்ட்ஸ் சரி, 20 மீட்டர் பேண்டின் 14.074 மீறல். மென்பொருளின் ஒரே பட்டியலில் இரண்டும் நிற்கும், ரேடியோவும் தடுக்காது. ஒரு சொடுக்கில் சட்டமீறல். அதனால் இதை வாங்கிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. அடுத்த நிலையான ஜெனரல் தேர்வை அன்றே, அதே அமர்விலேயே எழுதிவிடலாம்.

பிரிட்டனின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வு 26 கேள்வி, 19 தேர்ச்சி. 2024 பிப்ரவரியில் ஆற்றல் வரம்பு 10 வாட்டிலிருந்து 25 ஆனது. 20, 40 மீட்டர் உட்பட எச்.எஃப்பின் பெரும்பகுதி முதல் நாளிலிருந்தே கிடைக்கும். எச்.எஃப்பில் பேச ஆசைப்படும் புதியவருக்கு மூன்றிலும் இதுவே மேல் என்பேன். உரிமத்துக்குக் காலாவதி இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் ரத்தாகலாம்.

ஜப்பானின் முதல் படியான நான்காம் வகுப்பில் எச்.எஃப்புக்கு 10 வாட். 10, 14, 18 மெகாஹெர்ட்ஸ் கிடையாது, மோர்ஸும் கிடையாது. சிக்கல் வேறிடத்தில். இயக்குநர் சான்று ஆயுளுக்கும் செல்லும், நிலைய உரிமம் ஐந்தாண்டுதான். புதுப்பிக்க மறந்தால் தகுதி கையில் இருக்கும், அலைபரப்பும் உரிமை இராது. டிரான்ஸ்மிட்டரை மாற்றினாலும் நிலையப் பதிவைத் திருத்த வேண்டும். தொழில்நுட்ப இணக்க முத்திரை உள்ள கருவிக்கு இது எளிது, சொந்தமாகச் செய்ததற்குக் கூடுதல் படிகள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்த முதல் படிகளை நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பான செப்ட்டின் ஏற்பாட்டில் மூன்று மாதம் வரை இயங்க உச்ச நிலை உரிமமான பிரிட்டனின் ஃபுல் அல்லது அமெரிக்காவின் எக்ஸ்ட்ரா தேவை. ஜெனரல் இருந்தால் சில நாடுகளில் மட்டும், அதுவும் தொடக்கநிலைச் சலுகைகளோடு.