வண்டிக்கு எந்த ஆயில்: 10டபிள்யூ-30ஆ, 20டபிள்யூ-40ஆ?
புதுப்பேட்டைக் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். முதல் எண் குளிருக்கானது. 10 என்றால் மைனஸ் 25 டிகிரியிலும் 20 என்றால் மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள், சென்னையில் மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிராது, விடுங்கள்.

நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் எண். 100 டிகிரி சூட்டில் 30 ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை, 40க்கு 12.5 முதல் 16.3 வரை. சூடு ஏற ஏற எந்த ஆயிலும் இளகும், கத்திரி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் காற்றே படாமல் நிற்கும் பழைய ஏர்கூல்டு பைக்கில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் ரொம்ப மெலிந்துபோனால் தேய்மானம்தான். அதனால் அந்த மாதிரி வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், என் ஓட்டு 20டபிள்யூ-40க்கு.

புது ஸ்கூட்டரா? கையேட்டில் 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். "வெயில் ஊரு, கெட்டியா ஊத்துவோம்ணே" என்று மெக்கானிக் சொன்னாலும் வேண்டாம். கெட்டி ஆயிலைத் தள்ளவே இன்ஜின் கூடுதலாக உழைக்கும், மைலேஜ் குறையும்.

அப்புறம், கியர் பைக் என்றால் டப்பாவில் ஜாஸோ எம்ஏ முத்திரை (ஆயிலில் நனைந்தே ஓடும் கிளட்சுக்கான ஜப்பானியத் தரக் குறி) இருக்கிறதா பாருங்கள், உராய்வு குறைந்த எம்பி வகையை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.