லண்டனா, ஹார்வர்டா, சிங்கப்பூரா? உலக அரசியல் உரைகளை எங்கே கேட்பது

உலக அரசியல், பொதுக்கொள்கை ஆகியவை குறித்துப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொது உரைகள் முன்பெல்லாம் அந்தந்த ஊரில் வாழ்பவர்களுக்கே வாய்த்தன. இன்று அவற்றின் ஒலிப்பதிவும் காணொளியும் எங்கிருப்பவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கேட்பதற்கான நேரம்தான் எவரிடமும் போதவில்லை. மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கக்கூடிய ஒருவர் எங்கே நடக்கும் உரைகளைத் தேர்ந்தால் உண்மையிலேயே கற்றுக்கொள்வார் என்ற கேள்வியோடு, லண்டன் பொருளாதாரப் பள்ளி, ஹார்வர்டின் கென்னடி பள்ளி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன். பேச வருபவரின் புகழை நான் கணக்கில் கொள்ளவில்லை. அவருடைய வாதம் வளர எவ்வளவு இடம் தரப்படுகிறது, வளர்ந்த வாதம் எவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்படுகிறது என்ற இரண்டுமே என் அளவுகோல்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் ரோமானிஸ் சொற்பொழிவை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். 1892-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் தொடங்கிவைத்து, 1910-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1930-இல் சர்ச்சிலும் நிகழ்த்திய பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவைக் கொண்டு யாரும் ஒரு துறையைத் தொடர்ந்து கற்க முடியாது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியை 1895-இல், படிப்படியான சீர்திருத்தத்தை நாடிய சோசலிஸ்டுகளின் ஃபேபியன் சங்கத்தைச் சேர்ந்த சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப், கிரகாம் வாலஸ், பெர்னார்ட் ஷா ஆகியோர் நிறுவினார்கள். சமூகத்தைச் சீர்திருத்த அதைப் பற்றிய அறிவு வேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை; அங்கு நடக்கும் பொது உரைகள் இன்றும் பெரும்பாலும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருப்பதை அந்த நம்பிக்கையின் நீட்சியாகவே நான் பார்க்கிறேன். உரைப்பொருள்களின் பரப்பில் இதற்கு இணையாக மற்ற இரண்டையும் சொல்ல முடியாது. மத்திய வங்கிகளின் வட்டி விகிதம், ஆப்பிரிக்கக் கடன், ஐரோப்பியக் குடியேற்றக் கொள்கை, தெற்காசியத் தேர்தல்கள் என்று கல்விப் பருவம் நடக்கும் மாதங்களில் உரைகள் அடுத்தடுத்து வருகின்றன. தெற்காசியாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அங்கே தனித்தனி ஆய்வு மையங்கள் இருப்பதால், அந்தப் பகுதிகளை ஆழமாக அறிந்த ஒருவர் நெறியாளராக அமரும் வாய்ப்பு அதிகம். பேச்சாளருக்குப் பக்கத்திலேயே மாற்றுக் கருத்துடைய அறிஞரை அமர்த்திப் பதில் சொல்லவைக்கும் கூட்டங்கள் அங்கு நடக்கின்றன. மூன்று இடங்களிலும் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இதுதான். குறை என்னவென்றால், கணிசமான உரைகள் பேச்சாளரின் புதிய நூல் வெளியீட்டை ஒட்டியே அமைகின்றன. நூலின் முன்னுரையைப் படித்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாகக் கிடைப்பது குறைவு.

லண்டனின் வரலாற்றில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. லிபியாவை ஆண்ட முயம்மர் கடாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் 2008-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். அவர் தலைமையில் இயங்கிய அறக்கட்டளை அந்தப் பள்ளிக்குப் பதினைந்து லட்சம் பவுண்டு தருவதாக உறுதியளித்தது. 2010 மே மாதம் அதே சைஃப், ரால்ஃப் மிலிபாண்ட் என்ற இடதுசாரி அறிஞரின் நினைவாக நடக்கும் உரையை நிகழ்த்த அழைக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் தந்தையும் காணொளி இணைப்பு வழியாக மாணவர்களிடம் பேசினார். இரண்டே மாதங்களில் லிபியாவில் கிளர்ச்சி வெடித்தது. தொலைக்காட்சியில் தோன்றிய சைஃப், இரத்த ஆறு ஓடும் என்று சொந்த மக்களையே மிரட்டினார். 2011 மார்ச்சில் பள்ளியின் இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் பதவி விலகினார். பின்னர் நீதிபதி வுல்ஃப் நடத்திய விசாரணை நிர்வாகத்தின் பிழைகளைப் பட்டியலிட்டது. கொடை தருபவருக்கு மேடையும் தரும்போது, அவரை நெருக்கிக் கேள்வி கேட்கும் துணிவை நிறுவனம் இழக்கிறது. அழைத்ததைவிட, அழைத்த பிறகு அவரைச் சோதிக்கத் தவறியதையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

இங்கேதான் ஹார்வர்டு வேறுபடுகிறது. கென்னடி பள்ளியில் 1978-இல் தொடங்கப்பட்டு, இப்போது ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் பெயரைத் தாங்கும் மன்றம், கேள்வி நேரத்தையே மையமாகக் கொண்டு இயங்குகிறது. அரங்கில் நிற்கும் ஒலிவாங்கிகளின் முன்னால் கேட்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெயரைச் சொல்ல வேண்டும், சுருக்கமாகக் கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம், அது கேள்விக்குறியோடு முடிய வேண்டும் என்று நெறியாளர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார். சிறிய விதிகளாகத் தோன்றினாலும், கேள்வி என்ற பெயரில் சொந்தச் சொற்பொழிவு ஆற்றும் வழக்கத்தை அவை அடக்கிவிடுகின்றன. 2006 செப்டம்பரில் ஈரானின் முன்னாள் அதிபர் கத்தாமி இந்த மன்றத்தில் பேச வந்தபோது, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த மிட் ராம்னி, மாநில அரசின் சார்பில் எந்த உதவியும் தரப்படாது என்று அறிவித்தார். எதிர்ப்புகளுக்கு நடுவிலும் கூட்டம் நடந்தது, கத்தாமி கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

மறு ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போதைய ஈரான் அதிபர் அகமதிநெஜாத் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர் தன் அறிமுக உரையிலேயே விருந்தினரைக் கொடிய சர்வாதிகாரியின் எல்லா அடையாளங்களையும் கொண்டவர் என்று கண்டித்தது தலைப்புச் செய்தியானது. எனினும் அன்று உலகத்தின் நினைவில் தங்கியது, தன் நாட்டில் தன்பாலீர்ப்பாளர்களே இல்லை என்று அகமதிநெஜாத் சொன்ன பதில்தான்; அது அவையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கான பதில். தயாரித்து வந்த உரையில் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் ஹார்வர்டு மன்றத்தை மட்டும் கேட்பவர், அரசியல்வாதிகளை நன்றாக அறிவாரே தவிர, கொள்கையை அறிய மாட்டார். ஒரு மாலையில் வந்து போகும் அமைச்சரோ முன்னாள் அதிபரோ எந்தச் சிக்கலையும் அடிவரை எடுத்துச் செல்வதில்லை. அமெரிக்க உள்நாட்டு அரசியலின் எடையும் அங்கே மிக அதிகம். இதே ஹார்வர்டில் காட்கின் உரைத்தொடர் என்ற பழைய மரபு உண்டு. 1960-இல் அறிவியலாளரும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ அறிவியலும் அரசாங்கமும் பற்றி அதில் பேசினார். 1974-இல் பொருளாதார அறிஞர் ஆர்தர் ஓகன் சமத்துவத்துக்கும் திறனுக்கும் இடையிலான இழுபறியைப் பேசினார். பணக்காரரிடமிருந்து ஏழைக்குப் பணத்தை ஓட்டை வாளியில் கொண்டுபோகும்போது எவ்வளவு சிந்தும்வரை பரவாயில்லை என்பீர்கள் என்ற அவருடைய கேள்வி, அந்த உரைகளிலிருந்து வளர்ந்த நூலில் இடம்பெற்று, இன்றும் வகுப்பறைகளில் எழுப்பப்படுகிறது. அப்படிப்பட்ட கேள்வி உருவாவதற்கு ஒரு மாலை போதாது.

சிங்கப்பூரை நான் மற்ற இரண்டுக்கும் மேலே வைப்பதற்குக் காரணம் இதுவே. 1999 முதல் 2011 வரை அந்நாட்டின் அதிபராக இருந்த தமிழர் எஸ். ஆர். நாதனின் பெயரில் அமைந்த ஆய்வாளர் பொறுப்பை, லீ குவான் யூ பள்ளியின் கொள்கை ஆய்வுக் கழகம் நடத்துகிறது. அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் ஒரே பொருளைப் பற்றிச் சில மாத காலத்தில் பல உரைகளை நிகழ்த்த வேண்டும். 2014-இல் தொடங்கிய முதல் தொடரில் தொழிலதிபர் ஹோ குவோன் பிங், அரசியல், பொருளாதாரம், பாதுகாப்பு, மக்கள்தொகை, சமூக அடையாளம் என்று ஐந்து உரைகளில் நாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை ஆராய்ந்தார். 2016-இல் வெளியுறவு அமைச்சின் முன்னாள் நிரந்தரச் செயலாளர் பிலஹாரி கௌசிகன் பேசிய ஐந்து உரைகள், சிறு நாடு ஒன்றின் கண்ணிலிருந்து உலக அரசியலைப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அறிமுகம். பனிப்போருக்குப் பிந்தைய உலகம் ஏன் இன்னும் வரையறை பெறவில்லை என்று தொடங்கி, அமெரிக்க–சீன உறவு, அவ்விரண்டுக்கும் நடுவில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், மனித உரிமைகளின் புவிசார் அரசியல், இறுதியாகச் சிங்கப்பூரால் சமாளிக்க முடியுமா என்ற கேள்வி என அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவருடைய மனித உரிமை உரையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முந்தைய மூன்று உரைகளைக் கேட்டிருந்ததால், எந்த இடத்தில் உடன்படவில்லை என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

அடுத்து வந்த பீட்டர் ஹோ, அரசுப் பணித் துறையின் தலைவராக இருந்தவர். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தும் எவரும் கைவைக்க விரும்பாத பேராபத்துகளைக் கறுப்பு யானை என்று குறிப்பிட்டு, அரசுகள் அவற்றை ஏன் தள்ளிப்போடுகின்றன என்று அவர் விளக்கியது, பருவநிலை மாற்றம் பற்றி எழுதும் எவருக்கும் பயன்படும். குடியிருப்பவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் அரசு கட்டிய வீடுகளில் வாழும் நாட்டின் வீடமைப்புக் கழகத்தை நடத்திய சியோங் கூன் ஹீன், நகரக் கொள்கையைப் பற்றிப் பேசியதும் இதே வரிசையில்தான்.

சிங்கப்பூரின் குறையும் தெளிவாகவே தெரிகிறது. தொடக்கத் தொடர்களில் பேசியவர்களில் பெரும்பாலோர் அரசின் உயர்பொறுப்புகளில் இருந்தவர்கள். ஹோ குவோன் பிங் 1977-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டவர் என்பது விதிவிலக்கான செய்தி. ஆட்சியைக் கடுமையாக எதிர்ப்பவர் ஒருவர் ஐந்து உரைகளுக்கான இடத்தைப் பெற்றால் இந்த மேடையின் மதிப்பு பல மடங்கு உயரும். அதுவரை, சிங்கப்பூர் உரை ஒவ்வொன்றுக்கும் இணையாக அதே பொருளில் லண்டன் கூட்டம் ஒன்றையும் கேட்பதே நான் பரிந்துரைக்கும் வழி. ஹார்வர்டைத் தேர்தல் ஆண்டுகளில் மட்டும் கேட்டால் போதும். அதிலும் உரையைத் தவிர்த்துக் கேள்வி நேரத்திலிருந்து தொடங்கலாம்.

ஆங்கில உச்சரிப்பு வேகமாகப் போனால் பின்தொடரச் சிரமப்படும் மாணவர்களுக்குச் சிங்கப்பூர் தொடர் இன்னொரு வகையிலும் உதவுகிறது: கௌசிகனுடையது, பீட்டர் ஹோவுடையது உள்ளிட்ட தொடர்கள் நூல்களாகவும் அச்சாகியுள்ளன. முதலில் ஓர் உரையை நூலில் நிதானமாகப் படித்து, பிறகு அதன் காணொளியைப் பார்த்தால், எழுதிவைத்த வாதம் அவையின் கேள்விகளுக்கு முன் எங்கே நிமிர்ந்து நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.